கம்பி யார் கையில்?

இணையம் யாருக்குச் சொந்தம் என்று வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் 'கூகுளுக்கு' என்பார்கள். 'அமெரிக்காவுக்கு' என்று சிலர் சொல்வார்கள். சற்று விவரம் அறிந்த மாணவர் ஒருவர் எழுந்து, 'அது யாருக்கும் சொந்தமில்லை சார். ஆயிரக்கணக்கான வலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து உண்டான பெருவலை' என்பார். புத்தகங்கள் தரும் விடை இந்த மூன்றாவதுதான். அது தவறும் அல்ல. ஆனால் யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றை, குறிப்பிட்ட மூன்று மாவட்டங்களில் மட்டும் ஒரே மாலையில் எப்படி நிறுத்த முடிந்தது?

2018-ஆம் ஆண்டு மே 22-ஆம் தேதி, தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். அன்று தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்ததை நாடு அறியும். மறுநாள் தமிழக உள்துறைச் செயலரின் ஆணை ஒன்று தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குச் சென்றது. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் மே 27 வரை இணையச் சேவையை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். வதந்திகளும் ஆத்திரமூட்டும் செய்திகளும் பரவாமல் தடுப்பது நோக்கம் என்று காரணம் கூறப்பட்டது. மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் கேள்வி எழுந்த பிறகு மற்ற இரு மாவட்டங்களுக்கும் முன்னதாகவே இணைப்பு கிடைத்தது. தூத்துக்குடி மாவட்டம் காத்திருந்தது. கோவில்பட்டியும் அதைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களும் அந்த மாவட்டத்தைச் சேர்ந்தவையே.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானது அந்த மே 23-ஆம் தேதிதான். பொறியியல் கலந்தாய்வு முழுவதும் இணையவழியாக மாறியதும் அந்த ஆண்டுதான். விண்ணப்பிக்கும் காலத்தின் நடுவில் இணைப்பு போயிற்று. வீட்டில் கணினி இல்லாமல், கோவில்பட்டிக்குப் பஸ் ஏறி வந்து கடையில் விண்ணப்பம் போட வேண்டிய மானாவாரிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஐந்து நாளின் அருமை தெரியும். கடைசி நாளை மே 30-இலிருந்து ஜூன் 2-க்குத் தள்ளி வைத்தார்கள்.

இதில் இயற்பியல் படித்தவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எந்தக் கேபிளும் அறுபடவில்லை. எந்தக் கோபுரமும் சாயவில்லை. ஒரு காகிதம் போதுமானதாக இருந்தது. அந்தக் காகிதத்துக்கு வலுவைத் தந்தது 2017-ஆம் ஆண்டில் வகுத்த ஒரு விதித்தொகுப்பு. அந்த விதிகளுக்கு வலுவைத் தந்தது 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம்! எலெக்ட்ரான் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இயற்றிய சட்டம் அது. ஆகவே நம் கேள்விக்கு விடை தேட வேண்டுமானால் கணினியிலிருந்து தொடங்கிப் பயனில்லை. தந்தியிலிருந்து தொடங்க வேண்டும்.

கம்பெனியின் கம்பி

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த வில்லியம் ஒஷாக்நெஸி என்ற மருத்துவர் 1839-ஆம் ஆண்டிலேயே கம்பி வழியாகச் செய்தி அனுப்பிப் பார்த்தார். இங்கிலாந்தில் குக்கும் வீட்ஸ்டனும், அமெரிக்காவில் மோர்ஸும் அதே முயற்சியில் இருந்த காலம் அது. கிழக்கிந்தியக் கம்பெனி அப்போது அதைப் பொருட்படுத்தவில்லை. டல்ஹௌசி கவர்னர் ஜெனரலாக வந்த பிறகே நிலைமை மாறியது. 1851-இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே கம்பி இயங்கியது. 1853-இன் கடைசியில் பெரிய வேலை தொடங்கி, கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களைக் கம்பி இணைத்தது. 1855 பிப்ரவரியில் பொதுமக்களும் காசு கொடுத்துத் தந்தி அனுப்பலாம் என்றாயிற்று.

பொதுமக்களுக்குத் திறந்துவிடும் முன்பே அரசு ஒரு வேலையை முடித்துக்கொண்டது. 1854-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கம்பெனியின் ஆட்சிப் பகுதியில் தந்திக் கம்பி போடும் உரிமை அரசுக்கு மட்டுமே உரியது. வேறு யாரும் போட வேண்டுமானால் உரிமம் பெற வேண்டும். இங்கிலாந்தில் அப்போது தந்தி தனியார் கம்பெனிகளின் தொழில் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். ஆளப்படும் நாட்டில் கம்பியை வியாபாரியிடம்கூட நம்பிக் கொடுக்க ஆள்பவருக்கு மனம் வரவில்லை.

1885-ஆம் ஆண்டுச் சட்டம் இதையே விரிவாக்கியது. அதன் நான்காம் பிரிவு தந்தியை அரசின் தனியுரிமை ஆக்கியது. ஐந்தாம் பிரிவு, பொது நெருக்கடியிலும் பொதுப் பாதுகாப்பை முன்னிட்டும் செய்திகளை இடைமறிக்கவும் நிறுத்தி வைக்கவும் அதிகாரம் தந்தது. சுதந்திரத்துக்குப் பின் 'தந்தி' என்ற சொல்லுக்கான விளக்கம் விரிந்து, கம்பி, வானொலி அலை, மற்ற மின்காந்த அலைகள் எல்லாம் அதற்குள் அடங்கின. எனவே உங்கள் கையிலுள்ள கைபேசி, சட்டத்தின் கண்ணில் நெடுங்காலம் ஒரு தந்திக் கருவியாகவே இருந்தது. நம் கிராமங்களில் தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தியதுமே, பிரித்துப் படிக்கும் முன் அழத் தொடங்கிய பாட்டிமார்களுக்கு இதைச் சொன்னால் சிரித்திருப்பார்கள்.

பருத்தி வியாபாரியும் கடலடிக் கேபிளும்

தரையில் கம்பி அரசுடையது. கடலுக்கு அடியில்? அங்கே கதை வேறு. அதில் நம் கரிசல் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு.

சாத்தூர், கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துப் பருத்தி 'திருநெல்வேலிப் பருத்தி' என்ற பெயரில் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கப்பலேறியது. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் அங்கிருந்து பருத்தி வருவது தடைப்பட்டபோது, லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடி வந்தன, விலை ஏறியது. போர் முடிந்ததும் விழுந்தது. லிவர்பூல் விலை இங்கே வந்து சேரக் கப்பல் காலத்தில் வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் யாருக்கு முதலில் செய்தி தெரிகிறதோ அவரே லாபம் பார்ப்பார். விளைவித்தவருக்குக் கடைசியில்தான் தெரியும் என்று சொல்லத் தேவையில்லை.

மான்செஸ்டரில் துணி வியாபாரம் செய்து செல்வந்தரான ஜான் பெண்டர் என்பவர் இதை நன்கு உணர்ந்தவர். முதல் அட்லாண்டிக் கேபிள் 1858-இல் சில வாரங்களிலேயே செத்துப்போயிற்று. அதன் பின்னாலுள்ள இயற்பியலை வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) முன்பே சொல்லியிருந்தார். கடலடிக் கேபிள் ஒரு நீண்ட மின்தேக்கியைப் போல் நடந்துகொள்ளும். நீளம் இருமடங்கானால் குறிகை வந்து சேரும் தாமதம் நான்கு மடங்காகும். அதற்குப் பரிகாரம் மின்னழுத்தத்தை ஏற்றுவது அல்ல. நல்ல தாமிரம், தடித்த காப்புறை, மிக நுண்ணிய மின்னோட்டத்தையும் காட்டும் கருவி ஆகியவையே. தாம்சனின் ஆடிக் கால்வனோமீட்டரில் ஒளிப்புள்ளி இடமும் வலமும் அசைவதைப் பார்த்துச் செய்தியைப் படித்தார்கள். கல்லூரி ஆய்வகத்தில் நீங்கள் பார்த்த அதே ஒளிப்புள்ளிதான். காப்புறைக்கு மலேயாக் காடுகளின் கட்டாபர்ச்சா மரப்பால் வேண்டும். கேபிள் செய்யும் கம்பெனியையும் கட்டாபர்ச்சாக் கம்பெனியையும் இணைத்து 1864-இல் பெண்டர் ஒரே நிறுவனமாக்கினார். மூலப்பொருள், ஆலை, கப்பல் எல்லாம் ஒரே இடத்தில்!

1870-இல் 'கிரேட் ஈஸ்டர்ன்' என்ற மாபெரும் கப்பல் பம்பாயிலிருந்து ஏடனுக்குக் கேபிள் விரித்தது. அதுவரை பாரசீக வளைகுடா வழியாகப் பல நாடுகளின் கைமாறி, பல நாள் கழித்து, பல சமயம் சிதைந்தும் வந்த லண்டன் செய்தி இனிச் சில மணி நேரத்தில் வந்தது. அடுத்து, 1870-71-இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கேபிள் சென்றது. பெண்டர் குழுமத்தின் கம்பெனிகள் 1872-இல் 'ஈஸ்டர்ன் டெலிகிராப் கம்பெனி' என்று ஒன்றாயின. அந்த நூற்றாண்டின் இறுதியில் உலகின் கடலடிக் கேபிள்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்தக் குழுமத்தின் கையில் இருந்தது. சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கியதால், ஒரு முழு வாக்கியத்தை ஒற்றைச் சொல்லில் அடக்கும் குறியீட்டுப் புத்தகங்கள் வணிகர்களிடையே புழங்கின. இன்று நாம் தரவுச் சுருக்கம் என்பது அதுதான்.

எம்டன் வந்த வேலை

கேபிளை வைத்திருப்பவர் கட்டணம் மட்டும் வசூலிப்பதில்லை. முதல் உலகப் போரில் பிரிட்டன் இறங்கிய மறுநாளே, 1914 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, ஆங்கிலக் கால்வாயில் ஜெர்மனியின் கடலடிக் கேபிள்களை ஒரு பிரிட்டிஷ் கப்பல் தேடிப் பிடித்து அறுத்தது. அதன்பின் ஜெர்மானியர் வெளியுலகோடு பேச வானொலியையோ பிறருடைய கேபிளையோ நம்ப வேண்டியதாயிற்று. பிறருடைய கேபிளில் போகும் செய்தி எதிரியின் காதிலும் விழும்.

செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த எம்டன் கப்பலை நாம் அறிவோம். கெட்டிக்காரனை 'சரியான எம்டன்' என்று சொல்லும் வழக்கம் அதனால் வந்தது. ஆனால் எம்டன் எங்கே, எதனால் அழிந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1914 நவம்பர் 9-ஆம் தேதி அது இந்துமாக் கடலின் கோகோஸ் தீவுகளுக்குச் சென்றது. அங்கே பெண்டர் குழுமத்தின் தந்தி நிலையம் இருந்தது. ஆஸ்திரேலியா, ஜாவா, ஆப்பிரிக்கத் திசைக் கேபிள்கள் சந்திக்கும் முடிச்சு அது. அதை அவிழ்த்துவிடவே எம்டன் தன் ஆட்களைக் கரையிறக்கியது. அவர்கள் வந்து சேரும் முன் நிலைய ஊழியர்கள் 'அன்னியக் கப்பல்' என்று உதவி கேட்டுச் செய்தி அனுப்பிவிட்டார்கள். அருகே துருப்புக் கப்பல்களுக்குத் துணையாகச் சென்றுகொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வந்து எம்டனை முடித்தது.

கைமாறிய கேபிள்

பிறர் கையிலுள்ள வழியில் போவதன் கஷ்டத்தைத் தூத்துக்குடி அதற்கு முன்பே கண்டிருந்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டுக்கொண்டிருந்த ஆங்கிலக் கம்பெனிக்குப் போட்டியாக, ஒட்டப்பிடாரத்து வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது, 1908-இல் வ.உ.சி. சிறை சென்றார், 1911-இல் கம்பெனி மூடப்பட்டது. கடலடித் தந்தியில் அப்படிப் போட்டிக்கு இறங்கக்கூட இந்தியர் எவருக்கும் இயலவில்லை.

பெண்டரின் வாரிசுக் கம்பெனிகள் கைமாறிய வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1930-களில் இந்தியாவின் வெளிநாட்டு வானொலி, கேபிள் இணைப்புகள் ஒரு தனிக் கம்பெனியாக இயங்கின. சுதந்திரத்துக்கு ஏழரை மாதம் முன்பே, 1947 ஜனவரி 1-ஆம் தேதி, அதை இந்திய அரசு எடுத்துக்கொண்டு 'கடல்கடந்த தொடர்புத் துறை' ஆக்கியது. 1981-இல் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே மறுபடி ஒரு கேபிள் போடப்பட்டது. இம்முறை தொலைபேசிக்காக, நூற்றுப்பத்து ஆண்டுக்கு முந்திய அதே வழியில்! 1986-இல் அந்தத் துறை விதேஷ் சஞ்சார் நிகம் என்ற அரசு நிறுவனமாயிற்று. 1995 ஆகஸ்ட் 15 அன்று சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது இந்நிறுவனமே. 2002 பிப்ரவரியில் அதன் நிர்வாகம் டாட்டா குழுமத்துக்குப் போயிற்று. 2021-இல் அரசு எஞ்சியிருந்த பங்குகளையும் விற்று முழுதாக வெளியேறியது.

இதை விற்றது சரியா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். என் கருத்து, நிறுவனத்தை விற்பது ஒன்று, கரையேறும் வாசலை விற்பது வேறொன்று என்பது. கடலடிக் கேபிள் கரைக்கு வரும் கட்டடத்தைக் கேபிள் நிலையம் என்கிறோம். அதை வைத்திருப்பவர் போட்டியாளரை உள்ளே விட மறுத்தால், போட்டியாளரின் கேபிள் கடலுக்குள் கிடந்தும் பயனில்லை. இந்தத் தகராறு முற்றியதால்தான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2007-இல், நிலைய உரிமையாளர்கள் மற்றவர்களுக்கும் இடம் தர வேண்டும் என்று விதி செய்ய நேர்ந்தது. ஆணையம் 2023-இல் கூறிய கணக்கின்படி, இந்தியாவுக்கு வந்த பன்னாட்டுக் கேபிள்கள் 17. கேபிள் நிலையங்கள் 14. அவை இருந்த ஊர்கள் மும்பை, சென்னை, கொச்சி, திருவனந்தபுரம், தூத்துக்குடி. இத்தனை கோடி மக்களின் வெளியுலகப் பேச்சு நுழையும் வாசல்கள் அவ்வளவே.

தூத்துக்குடிக் கேபிள் நம் பி.எஸ்.என்.எல்லும் இலங்கைத் தொலைத்தொடர்பு நிறுவனமும் சேர்ந்து, கொழும்பை ஒட்டியுள்ள கல்கிசை வரை போட்டது. நீளம் சுமார் 320 கிலோமீட்டர். தலைமுடி போன்ற கண்ணாடி இழைக்குள் முழு அக எதிரொளிப்பால் ஒளி ஓடுகிறது. கண்ணாடியில் ஒளியின் வேகம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். ஆகவே அக்கரை சேர 1.6 மில்லிநொடி போதும். அந்தக் கேபிள் திறக்கப்பட்ட ஆண்டு 2006, வ.உ.சி.யின் கம்பெனி பதிவாகிச் சரியாக நூறாவது ஆண்டு.

மையமில்லாத வலையும் ஊர்க்கோடியும்

இணையத்துக்கு மையமில்லை என்கிறோமே, அதன் பொருள் என்ன? செய்தி சிறுசிறு பொட்டலங்களாக வெட்டப்படுகிறது. ஒவ்வொன்றிலும் சேரவேண்டிய முகவரி உண்டு. சந்திதோறும் நிற்கும் திசைவி என்னும் கருவி, அப்போது எந்த வழி நல்லதோ அந்த வழியில் தள்ளிவிடுகிறது. சாத்தூர்ப் பாலத்தில் போக்குவரத்து நின்றால் கோவில்பட்டிப் பஸ் எட்டயபுரம், அருப்புக்கோட்டை வழியாக மதுரை போய்ச் சேர்வதைப் போல. 2008 ஜனவரி இறுதியில் எகிப்துக் கடலில் இரண்டு பெரிய கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவின் இணையம் மிகவும் தளர்ந்தது, ஆனால் சாகவில்லை. பொட்டலங்கள் கிழக்கே சுற்றிக்கொண்டு போயின.

ஆனால் ஒற்றை வண்டிப்பாதை மட்டுமே உள்ள ஊர்க்கோடிக்கு இந்த வசதி இல்லை. அந்தப் பாதையில் ஒரு முள்ளைப் போட்டால் போதும். நம் கைபேசிகள் எல்லாம் அப்படிப்பட்ட ஊர்க்கோடிகள். கைபேசியிலிருந்து கோபுரம், கோபுரத்திலிருந்து நிறுவனத்தின் மாவட்ட நிலையம். இந்தப் பகுதியில் மாற்று வழி கிடையாது. இங்கே பெரிய நிறுவனங்கள் நான்குதான். நான்கும் அரசு உரிமத்தில் நடப்பவை. நான்கு அலுவலகங்களுக்கு ஒரே ஆணை போனால் மூன்று மாவட்டங்கள் இருண்டுவிடும். நடுவில் எத்தனை வழிகள் இருந்தாலும் வலை விளிம்பில் பலவீனமானது என்பதை 2018 மே மாதத்தில் நாம் கண்கூடாகக் கண்டோம்.

விளிம்பைப் போலவே உச்சியிலும் ஓர் ஒற்றைப் புள்ளி உண்டு. அது பெயர்ப் பட்டியல். ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அதற்குரிய எண் முகவரியைத் தேட வேண்டும். அந்தத் தேடலின் உச்சியில் உலகம் முழுவதற்கும் ஒரே மூலப்பட்டியல் இருக்கிறது. கலிபோர்னியாவில் ஜான் போஸ்டல் என்ற அறிஞர் நெடுங்காலம் அதைப் பேணிவந்தார். 1998 ஜனவரி 28-ஆம் தேதி, மூலப்பட்டியலின் படிகளை வைத்திருந்தவர்களில் எட்டுப் பேருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார்: இனி அமெரிக்க அரசின் ஒப்பந்தக் கம்பெனியிடமிருந்து வேண்டாம், என் கணினியிலிருந்து பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. எட்டுப் பேரும் அப்படியே செய்தார்கள்! வாஷிங்டன் பதறியது; சில நாளில் பழைய நிலை திரும்பியது. 'சோதனை' என்று சொல்லி விவகாரத்தை முடித்தார்கள். அந்த ஆண்டே இப்பணிக்காக ஐகான் என்ற அமைப்பு அமைந்தது. போஸ்டலும் அக்டோபரில் காலமானார். அமெரிக்க அரசின் மேற்பார்வை 2016 அக்டோபர் 1 அன்றுதான் நீங்கியது. மூலப்பட்டியலில் இன்று '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று தமிழ் எழுத்திலேயே மூன்று நாட்டுப் பெயர்கள் உள்ளன. அவற்றைச் சேர்க்கும் முடிவு சென்னையிலோ கொழும்பிலோ எடுத்ததன்று என்பதையும் கூடவே நினைவில் கொள்ளலாம்.

தந்தி போன பிறகு

இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிந்தது. தந்திச் சட்டம் அதற்குப் பிறகும் பத்தாண்டுக்கு மேல் உயிரோடிருந்தது. இதற்கிடையே, 2020 ஜனவரி 10 அன்று, காஷ்மீர் பத்திரிகையாளர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம், இணையத்தைக் காலவரையின்றி முடக்கக் கூடாது, முடக்கும் ஆணைகளை வெளியிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2024 ஜூனிலிருந்து அது பகுதி பகுதியாக நடைமுறைக்கு வந்தது. 'தந்தி' என்ற சொல் போய்விட்டது. சேவையை நிறுத்தி வைக்கும் அதிகாரம் இருபதாம் பிரிவில் அப்படியே இருக்கிறது.

2024 நவம்பரில் வந்த புதிய விதிகளின்படி ஓர் ஆணை 15 நாளுக்கு மேல் நீடிக்கக் கூடாது. காரணத்தை எழுத்தில் தந்து ஆணையை வெளியிட வேண்டும். ஆணை முறைதானா என்று பார்க்கும் மறு ஆய்வுக் குழு ஐந்து நாளுக்குள் கூட வேண்டும். 2017 விதிகளிலும் இந்தக் குழு இருந்தது, ஐந்து வேலை நாள் என்ற கெடுவோடு. தூத்துக்குடி மாவட்டத்தில் தடை விதித்ததே ஐந்து நாளுக்குத்தான்.